நாகூரில் கற்ற சமயவியல்

'ஆண்டவர்', 'எஜமான்' என்று மக்கள் அழைக்கும் சூஃபி மகான் அடங்கியிருக்கும் நாகூர் தர்காவின் அலங்கார வாசலை ஒட்டிய கடைகளில் மெல்லிய தகட்டில் செய்த உருவங்கள் தொங்கும். கை, கால், கண், தொட்டில், வீடு, படகு. கால் வலி தீர்ந்தவர் காலை வாங்கிச் செலுத்துவார். வீடு கட்ட நேர்ந்துகொண்டவர் வீட்டை வாங்குவார். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி ஒன்றின்போது எனக்குப் பக்கத்தில் நின்ற மீனவப் பெண் ஒருவர் படகு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய்மரம் வைத்த படகு அது.

"எங்களது ஃபைபர் போட்டு, பாய். இதுல பாய்மரம்ல இருக்கு?"

"எல்லாம் ஒரே அச்சுதாம்மா. உங்க போட்டு எதுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றார் கடைக்காரர்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே காசை எண்ணிக் கொடுத்தார். நெற்றியில் குங்குமம், ஒரு கையில் பாத்திஹா (குர்ஆன் ஓதிச் செய்யும் வேண்டுதல்) ஓதக் கொடுப்பதற்கான சர்க்கரைப் பொட்டலம், இன்னொரு கையில் தகட்டுப் படகு.

இவரை எந்தத் துறையில் வைத்துப் படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை இருக்கிறது. வைணவத்துக்கு ஒன்று, சமணவியலுக்கு ஒன்று, கிறித்தவத்துக்கு ஒன்று, இஸ்லாமியவியலுக்கு ஒரு மையம். ஒவ்வொன்றும் தத்தம் நூல்களை ஆழமாகப் படிக்கிறது, அந்த உழைப்பில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் குங்குமம் வைத்துக்கொண்டு தர்காவில் படகு செலுத்தும் பெண் இவற்றில் எந்தப் பாடத்திட்டத்திலும் முழுசாக வர மாட்டார். மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படித்தான். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58 விழுக்காடு, கிறித்தவர்கள் 6.12, இஸ்லாமியர் 5.86. அந்த அம்மா முதல் எண்ணுக்குள் போய்விடுவார். அவர் வீட்டு நேர்த்திக்கடன்களில் பாதி மற்ற இரண்டு எண்களுக்குள் இருக்கும்.

வரலாறு படித்துவிட்டு சமயவியல் ஆய்வுக்கு வந்தவன் நான். நாகப்பட்டினம் கடற்கரையை என் களமாக எடுத்துக்கொண்டேன். இந்தப் படிப்புக்கு வரும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எதைப் படிச்சுட்டு வரணும்?" என்பதுதான். களம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வைத்து அதற்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் துறையைப் பற்றிச் சுருக்கமாக. மதத்தைப் பரப்பவோ மறுக்கவோ அல்லாமல், மனிதர்கள் செய்யும் ஒன்றாக அதை ஒப்பிட்டுப் படிக்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றது 19-ஆம் நூற்றாண்டில். 1870-இல் லண்டனில் நிகழ்த்திய உரைகளில் மொழியறிஞர் மாக்ஸ் முல்லர், ஒரு மதத்தை மட்டும் அறிந்தவர் எதையும் அறியாதவர் என்று வாதிட்டார். அவர் நம்பியது பெரும்பாலும் ஏடுகளை. பிறகு சமூகவியல், உளவியல், மானிடவியல் எல்லாம் வந்து சேர்ந்தன. 1967-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் சமயவியல் துறையைத் தொடங்கினார். அதே ஆண்டு பாட்டியாலா பஞ்சாபி பல்கலைக்கழகத்தில் குரு கோவிந்த் சிங் பெயரில் சமயவியல் துறை பிறந்தது. எல்லா மதங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் படிக்கும் அந்த வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாகவில்லை. நம்மிடம் அந்த வேலையை உண்மையாகச் செய்தவர்கள், மக்களின் கதை, பாட்டு, சடங்குகளைப் படிக்கும் நாட்டார் வழக்காற்றியல்காரர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை வழியாக வந்தவர்களோடு பேசினால் இது புரியும். கோயில், தர்கா, மாதா கோயில் என்று பிரித்துப் பார்க்காமல் ஊரைப் பார்க்கப் பழகியவர்கள் அவர்கள்.

இனி அந்தப் படகுக்கு வருவோம். பொருளியல் படித்த நண்பரிடம் சொன்னேன். கடலில் ஆபத்து அதிகம், காப்பீடு குறைவு, நேர்த்திக்கடன் ஒருவகைக் காப்பீடு என்றார். சமூகவியல் படித்தவர், சாதியும் மதமும் வேறாக இருப்பவர்கள் ஒரே இடத்தில் கூடிக் கலந்து நிற்பதற்கான ஏற்பாடு என்றார். உளவியல் படித்தவர் பதற்றத்தைத் தணிக்கும் சடங்கு என்றார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்று பேருமே சொல்லி முடிக்கும்போது "அவ்வளவுதான்" என்ற தொனியில் முடித்தார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் உடன்பாடில்லை. அந்த அம்மாவிடம் நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "எங்க மாமனார் காலத்துல கரை தெரியாம மூணு நாள் கடல்ல கெடந்தாங்களாம். மனோரா வெளக்கு தெரிஞ்சுதான் வந்து சேந்தாங்க. அதுலேர்ந்து வருசா வருசம் ஒரு போட்டு." காப்பீடும் இல்லை, பதற்றமும் இல்லை. அவர் கணக்கில் இது தீராத நன்றி. வேறு துறைகளிலிருந்து என்ன வாங்கினாலும் சரி, செய்பவர் சொல்லும் காரணத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடாமல் காப்பதுதான் சமயவியல் மாணவரின் தனிப்பட்ட பொறுப்பு என்று நினைக்கிறேன்.

இதற்கு எளிய பழக்கம் ஒன்று உண்டு. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், பேசியவர் பேச்சிலேயே, "வருசா வருசம்" என்றால் அப்படியே. வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது. இடப்பக்கத்தை அன்றிரவே எழுதி முடித்துவிடுங்கள். மறுநாள் எழுதினால் உங்கள் சொற்கள் அவர்கள் வாய்க்குள் போய்விடும். வலப்பக்கத்துக்கு அவசரமில்லை, மாதக்கணக்கில் காலியாக இருக்கலாம்.

அந்த அம்மா சொன்ன "மனோரா" தர்காவின் பெரிய மினாரா. ஐந்து மினாராக்களில் உயரமானது, 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அவர் ஆண்டது 1739 முதல் 1763 வரை. இந்த இடத்தில் வரலாற்றுத் துறை இல்லாமல் நகர முடியாது. சைவ மரபில் வந்த மன்னர் ஒரு சூஃபி மகானின் அடக்கத்தலத்துக்கு ஏன் கோபுரம் கட்டினார்? பிள்ளை வரம் கேட்டுப் பெற்றார் என்கிறது தர்கா மரபு. துறைமுகத்தையும் கடல் வணிகர்களையும் தன் பக்கம் வைத்துக்கொள்வது தஞ்சை அரசுக்குத் தேவையாக இருந்தது என்பார் வரலாற்றாசிரியர். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை. வரம் கேட்ட மன்னரும் துறைமுகத்தை நினைத்த மன்னரும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம்.

இந்தக் கடற்கரையில் அப்படி நடப்பது அது முதல் முறையும் இல்லை. முதலாம் இராசராசன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் கொடுக்கப்பட்டது. லெய்டன் செப்பேடு அதைச் சொல்கிறது. அந்த விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் நாகப்பட்டினத்தில் தோண்டத் தோண்டக் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் சுமார் 350. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றில் பலவற்றைப் பார்க்கலாம். நாகூரைப் படிக்கப் போகிறவர் ஒருநாள் முழுக்க அங்கே செலவிடுவது நல்லது. சிவனை வழிபட்ட அரசன், கடல் கடந்து வந்த பௌத்தர்களுக்கு ஊர் கொடுத்த இடம் அது என்று தெரிந்த பிறகு மினாராவைப் பார்க்கும் கண் மாறும்.

வரலாற்றுத் துறையிடமிருந்து முடிவுகளை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது, கருவி ஒன்றைக் கையில் எடுத்துப் பழக வேண்டும். நான் எடுத்துக்கொண்டது எழுத்து. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி நூல்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஏராளமாகப் புழங்கின. வழிபாடு, சட்டம், மருத்துவம், பெண்கள் பாடிய தாலாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. மொழி நம் மொழி, எழுத்து மட்டும்தான் புதிது. காலைத் தொழுகை முடிந்ததும் ஒரு வயதான ஆலிம் (மார்க்க அறிஞர்) திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கற்றுத்தந்தார். "ழ"வுக்கும் "ட"வுக்கும் அரபில் எழுத்து இல்லாததால், இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் சேர்த்து நம் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் எனக்குக் கிடைத்த மரியாதை வேறு. அதுவரை "என்ன வேணும் தம்பி?" என்றவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த பாட்டி காலத்து நோட்டுகளை எடுத்துவந்து, "இது என்னன்னு பாருங்க" என்றார்கள். கல்வெட்டோ, கிரந்த எழுத்தோ, மராட்டியர் எழுதிய மோடி எழுத்தோ, அர்வியோ, ஏதாவது ஒன்று கைவசம் இருக்கட்டும். நாகூரில் பிறந்து, 1901-இல் மதுரையில் எழுந்த தமிழ்ச் சங்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த தமிழ்ப் புலவர் குலாம் காதிறு நாவலரைப் படிக்காமல் நாகூரைப் பற்றி எழுதக் கூடாது என்பேன். அவருடைய தமிழை வாசிக்க, சமயவியல் மாணவர் கொஞ்சம் யாப்பும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நாகூர் நாகூரோடு முடிவதும் இல்லை. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா எழுந்தது. பினாங்கிலும் ஒன்று உண்டு. இரண்டிலும் அடக்கத்தலம் கிடையாது, மகான் அடங்கியிருப்பது நாகூரில்தான். பிழைக்கப் போன தமிழ் முஸ்லிம்களான மரைக்காயர்களும் சூலியாக்களும் நினைவை எடுத்துப்போய்க் கட்டிக்கொண்ட இடங்கள் அவை. இதைப் புரிந்துகொள்ள மதநூல்களைவிடக் கப்பல் போக்குவரத்தின் வரலாறுதான் எனக்கு அதிகம் உதவியது.

சட்டம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். தீர்ப்புகளைப் படியுங்கள். 1954-இல் சிரூர் மடம் வழக்கில், ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1961-இல் அஜ்மீர் தர்கா வழக்கில், மூடநம்பிக்கையிலிருந்து முளைத்துப் பின்னால் ஒட்டிக்கொண்ட வழக்கங்களும் இருக்கக்கூடும், அவற்றைக் கவனமாகச் சலித்துப் பார்க்க வேண்டும் என்றது. ஆக, எது மதம், எது ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்யும் வேலை நீதிபதிகள் கைக்குப் போயிற்று. நாங்கள் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் விவாதித்து முடிவுக்கு வராத கேள்விக்கு அங்கே தேதி குறித்துத் தீர்ப்பு வருகிறது, அதன்படி நிலமும் உண்டியலும் கை மாறுகின்றன. இன்னொரு பயனும் உண்டு. கோயில், தர்கா, தேவாலயம் தொடர்பான பழைய வழக்குகளின் சாட்சியங்களில், எந்த மரியாதை யாருக்கு, எந்த ஊரார் எதைச் சுமந்தார்கள், எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போயிற்று என்பதெல்லாம் சாதாரண மனிதர்கள் வாயால் பதிவாகியிருக்கும். களப்பணிக்குக் கிடைக்காத தலைமுறையின் பேச்சு அது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் மாவட்டத்து வழக்கறிஞர் ஒருவரோடு பழகிக்கொள்ளுங்கள்.

சந்தனக்கூடு இரவைப் பற்றிக் கொஞ்சம். கந்தூரி 14 நாள். பத்தாம் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனம் சுமந்த அலங்காரத் தேரான கூடு புறப்பட்டு நாகூர் வந்து சேரும், விடியற்காலையில் அடக்கத்தலத்தில் சந்தனம் பூசுவார்கள். பன்னீரில் ஊறவைத்து அரைத்த சந்தனம். தெரு முழுக்க அந்த மணம் நிற்கும். கூட்டம் ஒன்றுகூடும்போது தனி ஆட்களிடம் இல்லாத ஓர் எழுச்சி பிறக்கிறது, மதத்தின் ஊற்று அதுவே என்று 1912-இல் எமில் துர்க்கைம் எழுதினார். அதைப் படித்துவிட்டுத்தான் போனேன். நள்ளிரவில் நான் கண்டது, தெருவோரம் போர்வை விரித்துத் தூங்கும் குடும்பங்கள். பிள்ளைகள் தூங்க, பெரியவர்களும் தூங்க, வீட்டுக்கு ஒரு பாட்டி மட்டும் விழித்திருந்தார். கூடு தெருமுனைக்கு வந்ததும் அந்தப் பாட்டிகள் எல்லாரையும் தட்டி எழுப்பினார்கள். துர்க்கைம் சொன்ன எழுச்சி அதன் பிறகு சில நிமிடங்கள் வந்தது, உண்மையாகவே வந்தது, எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அந்த இரவைத் தாங்கி நின்றவர்கள் விழித்திருந்த பாட்டிகள். அவர்களுக்குக் கோட்பாட்டில் இடம் தேடுவதுதான் என் ஆய்வின் ஓர் அத்தியாயமாக வளர்ந்தது.

புதிதாக வந்திருக்கும் பரிசோதனை ஆய்வுகளையும் ஒதுக்காதீர்கள். மொரீசியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை வைத்து திமித்ரிஸ் சிகாலாட்டாஸ் குழுவினர் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கோயிலில் கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் அறக்கொடைக்கு அதிகம் கொடுத்தார்கள். வலி அதிகமாக இருந்ததாகச் சொன்னவர்கள் இன்னும் அதிகம் கொடுத்தார்கள். நல்ல ஆய்வு. முருகன் எதற்காக அங்கே இருக்கிறான் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை, பதில் இருப்பதாக அவர்கள் சொல்லவும் இல்லை.

இனி எனக்கு மிகவும் முக்கியமான பகுதி.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவின் அருளால் குணமாகும் என்று குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டிருந்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே, 2002-இல், பிரித்தானிய மருத்துவ இதழில் வேறொரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரை மருத்துவர்கள் வந்தபோதும் போகும்போதும் பரிசோதித்தார்கள். அங்கே மருந்து இல்லை, தனிச் சடங்கு எதுவும் இல்லை. கோயிலில் இருப்பது, சின்னச் சின்ன வேலை செய்வது, கூட உறவினர் ஒருவர் தங்குவது. சராசரியாக ஆறு வாரம். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஆதரவான, அச்சுறுத்தாத சூழலே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தெம்பு இந்தப் படிப்புக்கு வேண்டும். ஏர்வாடியை மட்டும் பார்ப்பவர் எல்லா வழிபாட்டிடங்களையும் பூட்டச் சொல்வார். முத்துசாமி கோயிலை மட்டும் பார்ப்பவர் மருந்தே வேண்டாம் என்பார். மருத்துவமனையின் மனநலப் பிரிவை வழிபாட்டிடத்துக்கே கொண்டுபோய், துஆவோடு (வேண்டுதலோடு) மருந்தும் கொடுக்கும் திட்டம் பிறகு குஜராத்திலும் ஏர்வாடியிலும் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவமும் சமயவியலும் ஒன்றையொன்று மதித்ததால் விளைந்த நன்மை என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

களத்தில் எனக்கே இது நேர்ந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வழிபாட்டிடத்தில், இளைஞர் ஒருவர் காலில் சங்கிலியோடு தூணருகே உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். நோட்டை மூடி வைத்துவிட்டு அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேசினேன். மருத்துவமனைக்குப் போகாதவர் அல்ல. மாத்திரை கொடுத்தபோது மகன் தேறியிருக்கிறான். மாதா மாதம் இரண்டு பேருந்து மாறிப் போக முடியாமல் நின்றுபோயிற்று. "இங்க வந்தா வெரட்ட மாட்டாங்க தம்பி" என்றார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைத் தொடர்புகொண்டோம். மருந்து மறுபடி தொடங்கியது, சங்கிலி போயிற்று, இருவரும் அங்கேயே தங்கினார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை, அதனால்தான் நடந்தது என்று நம்புகிறேன்.

ஆய்வாளர் தலையிடக் கூடாது என்று சில கையேடுகள் சொல்லும். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியில் தலையிடாதீர்கள். நினியன் ஸ்மார்ட் வலியுறுத்திய அந்த விலகல் மிகச் சரியானது. ஒருவர் காலில் சங்கிலி கிடக்கும்போது அந்த விலகலுக்கு இடமில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணையும் உங்கள் மாவட்ட மனநலத் திட்ட எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

களத்தில் உங்களைக் கேட்கப்போகும் கேள்வி "நீங்க எந்த மதம்?" மழுப்ப வேண்டாம். "இந்துக் குடும்பத்துல பொறந்தவன், எஜமானைப் பத்தி எழுத வந்திருக்கேன்" என்பதே என் பதில். யாரும் முகம் சுளித்ததில்லை. பாத்திஹா ஓதும்போது கையேந்தச் சொன்னால் ஏந்துவேன். மயில் இறகால் வருடும்போது தலை குனிவேன். இதெல்லாம் வழிபாடா ஆய்வா என்று கேட்டால், விருந்தாளியின் மரியாதை என்பேன். அவரவர் மனசாட்சிக்கு ஒத்த எல்லையை அவரவர் வகுத்துக்கொள்ளலாம். களத்துக்குப் போகும் முன்பே வகுத்துக்கொள்வது நல்லது.

நாகூரிலேயே, அடக்கத்தலத்தில் நேர்ந்துகொள்வது இஸ்லாத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்லும் இளைஞர்களையும் சந்திப்பீர்கள். 1980-களிலிருந்து தமிழ் முஸ்லிம்களிடையே வலுப்பெற்ற, இறைவன் ஒருவனிடமே கேட்க வேண்டும் என்னும் தவ்ஹீத் சிந்தனை அது. தர்காவைச் சேர்ந்தவர்கள், நாங்கள் கேட்பது இறைவனிடம்தான், இறைநேசர் வழியாகக் கேட்கிறோம் என்பார்கள். இருவரையும் உட்கார்த்தி வைத்து முழுசாகக் கேளுங்கள். எது உண்மையான இஸ்லாம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி உங்களுக்கும் எனக்கும் இல்லை. தர்கா பிடித்திருக்கிறது என்பதற்காகத் தவ்ஹீத்காரர்களை ஏதோ வெளியிலிருந்து வந்தவர்கள்போல எழுதும் ஆய்வுகளைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. அவர்களும் அதே தெருவில் பிறந்தவர்கள்தான்.

கடைசியாக நாட்காட்டி. என் ஆய்வுக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். கந்தூரி இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியான ஹிஜ்ரி ஆண்டின் ஜமாத்துல் ஆகிர் மாத முதல் பிறையில் தொடங்குகிறது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அதனால் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2012-இல் ஏப்ரல் பிற்பகுதியில் வந்தது. அப்போது மீன்பிடித் தடைக்காலம், ஆட்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. 2024-இல் டிசம்பர் தொடக்கம். வடகிழக்குப் பருவமழை, சம்பா வயலில் நிற்கும். ஒரு நீளத் தாளில் ஹிஜ்ரி, தமிழ் மாதம், மீன்பிடிப் பருவம், நெல் சாகுபடி நான்கையும் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். யார் எப்போது வருகிறார்கள், எந்த ஆண்டு எந்த நேர்த்திக்கடன் தள்ளிப்போகிறது என்று வியாபாரிகள் சொன்னவை எல்லாம் அந்தத் தாளில் வந்து பொருந்தின.

வேளாங்கண்ணி இதற்கு நேர்மாறு. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா, எந்த ஆண்டும் மாறாது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் 20 கிலோமீட்டருக்குள்தான் தூரம். நகரும் விழா நிற்கும் விழாவைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வந்து சந்திக்கும். 2000-இல் அப்படிச் சந்தித்ததை வயதான கடைக்காரர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். இங்கே மொட்டை, அங்கே மெழுகுவர்த்தி என்று ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டு போனவர்கள் ஏராளம் என்கிறார்கள். அன்று யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. அதன் பிறகு, 2004 டிசம்பர் 26-இல், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுனாமி கொண்டுபோயிற்று. கடலோரக் குப்பங்கள் பல உள்ளே தள்ளி மாறின. அடுத்த முழுச் சந்திப்பு 2033. கணக்குப்படி ஆகஸ்ட் 26 அல்லது 27 வாக்கில், பிறையைப் பொறுத்து ஒருநாள் முன்பின்னாக நாகூரில் கொடி ஏறும். இரண்டு மூன்று நாளில் வேளாங்கண்ணியிலும் ஏறும்.

இப்போது இளங்கலை படிப்பவர்களுக்கு அதற்குள் அர்வியும் கொஞ்சம் லத்தீன் ஆவணமும் படிக்கவும், கூட்டத்தை எண்ணும் புள்ளியியல் கற்கவும், இரண்டு ஊரிலும் முகம் பழகவும் நேரம் இருக்கிறது. அந்த நாட்கள் முழுக்க நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில் நின்று, வடக்கே போகிறவர் யார், தெற்கே போகிறவர் யார், இரண்டு பக்கமும் போகிறவர் எத்தனை பேர், எதை எங்கே நேர்ந்துகொண்டார்கள் என்று கேட்டு எழுத ஆட்கள் வேண்டும். ஒருவரால் ஆகிற வேலை இல்லை. விருப்பமுள்ளவர்கள் இப்போதே ஒரு குழுவாகச் சேருங்கள்.